மேற்குச் சுவர்

என் வீட்டில் மூன்று சுவர் என்னுடையது.
மேற்குச் சுவர் தம்பி குழந்தைவேலுக்குச் சொந்தம்.
கவுஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
சிரிக்காமல் சொல்வார்களா, தெரியாது.

பாகம் பிரிக்காத வருஷம் அது.
தையில் உறைபனி விட்டதும் பின்சரிவில் வெட்டினோம்,
நானும் கூலிக்கு வந்த பொன்னுத்தாயும்.
முழங்கை ஆழம் வரை கருமண்,
பூண்டுக்கு ஆகும், சுவருக்கு ஆகாது.
அதை ஒதுக்கிவிட்டுக் கீழிருந்த செம்மண்ணை எடுத்தோம்.
வெட்ட வெட்ட வாசம் மாறியது,
கடைசியில் வாசமே இல்லாத ஒரு மண் வந்தது.
மலைப்புல்லை அரிந்துபோட்டு, நீர்விட்டு மிதித்தோம்.
மாசி முழுக்க முழங்காலுக்குக் கீழே
எனக்குக் கால் இருந்ததாகவே ஞாபகமில்லை.
ஒரு படை வைத்து, காயவிட்டு, அதன்மேல் ஒரு படை.
வீடு ஒரு முழம் ஏறினால்
குழி ஒரு முழம் இறங்கியது.
படுத்திருந்த மண்ணை எழுப்பி நிற்கவைத்தேன்,
அவ்வளவுதான் நான் செய்தது.

வைகாசியில் சர்வேயர் எபனேசர் வந்தார்.
சங்கிலி இழுத்து, கல் நட்டு, டீ குடித்து,
குழி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.
கோடு குழிக்கு நடுவே போகுதும்மா, என்றார்.
இந்தப் பாதி உங்களுது, அந்தப் பாதி அவருது.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

தம்பி கேட்டான்:
என் மண் எங்கே?

எந்த மண் எந்தச் சுவரில் என்று யாருக்குத் தெரியும்.
பொன்னுத்தாய்க்குத் தெரிந்திருந்தது.
மண் சுமக்க வழிவிட்டு மேற்கைக் கடைசியில் எழுப்பினோம்,
அந்தப் பாதியைக் கடைசியில் வெட்டினோம் என்று
கேட்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.
கீழேயிருந்து ஒரு லோடு மண் அடித்துத் தருகிறேன் என்றேன்.
பெரியகுளத்து மண்ணா,
அதுக்குப் பனின்னா என்னன்னு தெரியுமா, என்றான்.
இடித்து எடுத்துக்கொள் என்றேன், கோபத்தில்.
ஆனியில் ஒருநாள் நிஜமாகவே கடப்பாரையோடு வந்தான்.

சுவரில், காதளவு உயரத்தில்,
ஒரு பூண்டு முளைத்திருந்தது.
கருமண் ஒரு கூடை தவறிக் கலந்திருக்க வேண்டும்.
இரண்டே இலை, நூல்போல,
வெளிச்சத்தைத் தேடி மேலே வளைந்து.
பார்த்தான்.
கடப்பாரையைச் சாத்திவைத்தான்.
இதுவும் என்னுதுதான், என்றான்.
போய்விட்டான்.
கடப்பாரை இரண்டு மாதம் இங்கேயே நின்றது.

ஆடி மழை குழியில் தேங்கித் தவளைகள் வந்தன.
எல்லைக்கல் தண்ணீருக்குள் போய்விட்டது.
இரண்டு பக்கமும் வாளி போட்டு மொள்கிறோம்.
அதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

வீட்டுவரிப் படிவத்தில் ஒரு கட்டம்: சுவரின் வகை.
மண் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: உரிமையாளர்.
அங்கே இடம் போதவில்லை.

இப்போது மார்கழி.
சாய்வெயிலைக் குடித்த சுவர்
ராத்திரி எட்டு மணி வரை சூட்டை விடுவதில்லை.
இருட்டியதும் தம்பி வருகிறான்.
கதவைத் தட்டுவதில்லை. கூப்பிடுவதில்லை.
வெளியே நின்று முதுகைச் சாய்க்கிறான்.
அவனுடையது கான்கிரீட் வீடு.
உள்ளே நின்றால் பல் கிட்டிப்போகிறது என்று
அவன் பெண்டாட்டி கடையில் சொன்னாளாம்.
வட்டி வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பக்கம் என் கட்டில்.
நடுவில் ஒன்றரை அடி மண்.
அவன் இருமுவது எனக்குக் கேட்பதில்லை.
உள்ளங்கையை வைத்தால் மட்டும் தெரியும்,
லேசாக.

மேற்கு மூலையில் ஒரு விரிசல் ஓடியிருக்கிறது,
விரல் நுழையும் அளவு.
வேறு மண் வைத்துப் பூசினால் ஒட்டாது,
அதே மண் வேண்டும், ஒரு கூடை.
அது அவன் பாதியில் கிடக்கிறது, தண்ணீருக்கு அடியில்.
கேட்க வேண்டும்.
குழி வற்ற மாசி ஆகும்.